வல்லூற்றுத் தலைமூடி: திரும்பி வந்த ஆறு மாதிரிகளில் நான் செய்த பிழை எது?

புளியந்தோப்புத் தோல்வார் | ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். பெரியமேட்டில் ஒரு சிறு பட்டறையில் 22 ஆண்டுகளாக இடைவார், பணப்பை, தோள்பை ஆகியவற்றைத் தைத்து வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன்பு, வளைகுடாவில் வேட்டைப் பறவைகளுக்கான சாமான்களை விற்கும் ஒருவர், வல்லூறுகளின் தலையில் மாட்டும் மூடிகள் 40 வேண்டுமென்றும், முதலில் 6 மாதிரிகளை அனுப்பும்படியும் ஒரு தரகர் மூலம் கேட்டிருந்தார். அளவு என்று எதுவும் தரவில்லை. நான்கு புகைப்படங்கள் மட்டுமே வந்தன.

1.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள, குரோம் உப்பில் பதனிட்ட ஆட்டுத்தோலை எடுத்து, பறவைக்கு வலிக்கக்கூடாது என்று உள்ளே மெல்லிய ஃபோம் வைத்து, இயந்திரத்தில் இரட்டைத் தையல் போட்டு, பின்கழுத்தில் எலாஸ்டிக் கோத்து, உச்சியில் மயில்தோகைக் கொத்து ஒன்றையும் கட்டி அனுப்பினேன். பார்ப்பதற்கு அழகாகவே இருந்தன. ஆறும் திரும்பி வந்துவிட்டன. இரண்டைப் பறவை ஒரு நிமிடத்திற்குள் உதறி எறிந்துவிட்டதாம்; ஒன்றைக் கழற்றியபோது கண்ணில் நீர் வடிந்ததாம்; மற்றவற்றை மாட்டிய பறவைகள் காலால் தலையைப் பிறாண்டிக்கொண்டே இருந்தனவாம். நட்டம் பெரிதில்லை. கோழியளவுகூட இல்லாத ஒரு பறவையிடம் 22 ஆண்டுக் கைப்பழக்கம் தோற்றதுதான் உறுத்துகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வியாசை மாடிப்புறா | ஞாயிறு, இரவு 10.02

அண்ணனுக்கு வணக்கம். வியாசர்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் மூன்று தலைமுறையாகப் புறா வளர்க்கிறோம். மார்கழியிலும் தையிலும், பறக்கவிட்ட கூட்டத்தில் பாய்ந்து, நல்ல புறாவாகப் பார்த்து அடித்துக்கொண்டு போகும் அந்தப் பைரிக்கா (வல்லூற்றை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) தொப்பி தைக்கிறீர்கள் என்று படித்தவுடன் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன், அதன் கண்ணை மூடும் தொப்பி என்றால் எங்கள் பகுதிக்கும் சில அனுப்பலாம்.

விளையாட்டு இருக்கட்டும். புறாவைக் கையில் பிடித்துப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். பறவையின் கண் தலையின் இரு பக்கமும் புடைத்து நிற்கும். நீங்கள் மெத்தென்று வைத்த ஃபோம் நேராகக் கண்ணின் மேலேயே அழுந்தியிருக்கும். கண்ணில் நீர் வடிந்ததற்கு அதுவே காரணமாக இருக்கும் என்பது என் எண்ணம்.

அல் ஐன் தண்டையார்பேட்டையான் | திங்கள், காலை 6.40

மாடிப்புறா சொன்னது மிகச் சரி. நான் 11 ஆண்டுகளாக இங்கு, அமீரகத்தின் அல் ஐன் நகரில், ஒரு வல்லூற்றுக் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். நாள்தோறும் குறைந்தது இருபது பறவைகளுக்காவது மூடியை மாட்டிக் கழற்றுகிறேன். அரபியில் இதை புர்கா என்பார்கள். ஐரோப்பியர் இதை அரபுநாட்டினரிடம் கற்றுக்கொண்டனர் என்பதை 13ஆம் நூற்றாண்டில் பேரரசர் இரண்டாம் பிரெடரிக் பறவை வேட்டை பற்றிய தம் நூலிலேயே எழுதிவைத்திருக்கிறார்.

வல்லூறுக்குக் கண்தான் எல்லாம். கண்ணில் படாத எதற்கும் அது அஞ்சுவதில்லை. அதனால்தான் இருட்டில் உட்காரவைத்தவுடன் அடங்கிவிடுகிறது. காரில் கொண்டுசெல்லும்போதும், மருத்துவர் நகம் வெட்டும்போதும், இன்னொரு பறவை பறந்து முடியும்வரை காத்திருக்கும்போதும் அதை அமைதியாக வைத்திருப்பது இந்த மூடி ஒன்றுதான். ஆகையால் அலகின் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் மூடி பயனற்றுப் போவதோடு, பறவை அந்தக் கீற்றை நோக்கித் தலையைத் திருப்பித் திருப்பிப் பித்துப் பிடித்தாற்போல் ஆகிவிடும். வெளிச்சம் புகக்கூடாது என்று அலகுத் துளையை இறுக்கினாலோ, அலகு முகத்தோடு சேரும் இடத்தில் மூக்குத் துளைகள் இருக்கும் மென்மையான மஞ்சள் பகுதி உராய்ந்து புண்ணாகும். வாயைத் திறக்கவும் இயலாது. தின்ற இரையின் இறகையும் எலும்பையும் இந்தப் பறவைகள் உருண்டையாகத் திரட்டிக் கக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மூடி மாட்டியிருக்கும்போது அந்த உருண்டை வெளியே வர வழியில்லாவிட்டால் மூச்சடைத்துச் சாகவும் கூடும். வெளிச்சத்தை அடைத்துக்கொண்டே வாய் திறக்க இடம் விடும் அந்த ஒரு வளைவை வெட்டுவதில்தான் கைவினைஞரின் திறமை முழுவதும் இருக்கிறது, மற்றதெல்லாம் அலங்காரம்.

அடுத்தது கண். கண்ணுக்கு நேரே இருக்கும் தோல், கிண்ணம் போல வெளிப்புறமாகப் புடைத்து, கண்ணைத் தொடாமல் நிற்கவேண்டும். மூடி பற்றியிருக்க வேண்டியது கண்ணுக்கு மேலும் கீழும் உள்ள எலும்பையும் பிடரியையும் மட்டுமே. உள்ளே மெத்தை கூடாது. தையல் முடிச்சோ நூலின் முனையோ உள்பக்கம் தலைகாட்டவும் கூடாது. எலாஸ்டிக்கை மறந்துவிடுங்கள். பின்புறத் திறப்பில் இரண்டு இணை வார்களைக் கோப்பார்கள். ஓர் இணையை இழுத்தால் மூடும், மற்றதை இழுத்தால் திறக்கும். ஒரு கையில் பறவை உட்கார்ந்திருப்பதால், ஒரு வாரைப் பல்லாலும் மற்றொன்றை மறுகையாலும் இழுப்போம். எனவே அந்த வார் வழுக்காமலும் இறுகிப்போகாமலும், இழுத்த இடத்தில் நிற்கவேண்டும்.

அளவைப் பற்றி உங்களிடம் சொல்லாதது வாங்குபவரின் தவறு. வல்லூறுகளில் பெண், ஆணைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரியது. அதுபோக, இங்கு வளர்க்கப்படுபவற்றில் மிகுதியானவை கூடங்களிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்ட கலப்பினங்கள். ஜைர் வல்லூற்றைச் சேக்கர் வல்லூற்றுடனோ பொரி வல்லூற்றுடனோ கலந்தவை. ஒவ்வொன்றின் தலையும் ஒவ்வோர் அளவு. புகைப்படத்தைப் பார்த்துத் தைத்த மூடி பொருந்தினால்தான் வியப்பு.

மாதவரம் பழைய தொழிலாளி | திங்கள், மாலை 5.20

தம்பி தோல்வாருக்கு. நான் பதனிடும் கூடங்களில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பறவையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் நீங்கள் எடுத்த தோலே இந்த வேலைக்கு ஆகாது என்பது தெரியும்.

குரோம் ஏற்றிய தோல் நனைந்தாலும் காய்ந்தாலும் தன் பழைய நிலைக்கே திரும்பும். கைப்பைக்கு அது நல்ல குணம். அல் ஐன் தம்பி சொல்லும் கிண்ணம் போன்ற குழிவு அதில் நிற்காது. இரண்டு நாளில் தட்டையாகிக் கண்ணில் படும். உங்களுக்கு வேண்டியது பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். நம் ஊரில் முற்காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊறவைத்துக் கடுக்காயில் முடித்தார்கள்; பின்னாளில் வாட்டில் என்ற மரத்தின் பட்டை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தோலைத் தண்ணீரில் நனைத்து மரக்கட்டையின் மேல் இழுத்து, எலும்புக் கரண்டியால் தேய்த்து உருக்கொடுத்து, நிழலில் காயவிட்டால், கட்டையை எடுத்த பிறகும் அந்த உரு அப்படியே நிற்கும். செருப்புத் தைப்பவருக்குக் கட்டை எப்படியோ, இந்த வேலைக்கும் அப்படியே என்று எண்ணுகிறேன்.

இரும்பு ஆணியையோ இரும்பு ஐலெட்டையோ (துளையின் விளிம்பில் பதிக்கும் வளையம்) அதன் அருகில் கொண்டுபோகவேண்டாம். பட்டைச் சாறும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் தோல் கறுத்துவிடும். பித்தளையே பயன்படுத்துங்கள்.

பறவைச் சிகிச்சை உதவியாளர் | திங்கள், இரவு 8.45

இரண்டு செய்திகளைச் சொல்லவேண்டியிருக்கிறது. இந்த இழையைப் படித்துவிட்டு எவரேனும் ஒரு வல்லூற்றையோ பருந்தையோ பிடித்துப் பழக்க முயல வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். தோலில் சாமான் செய்து விற்பதற்கு அந்தச் சட்டம் குறுக்கே வராது. ஆனால், ஐயா, நீங்கள் உச்சியில் கட்டிய மயில்தோகை குறுக்கே வரும். மயில்தோகையையும் அதில் செய்த பொருள்களையும் நாட்டிற்கு வெளியே அனுப்பத் தடை உள்ளது. அந்த ஆறு மூடிகளும் சுங்கத்தில் சிக்காமல் போய்வந்தது உங்கள் நல்ல காலம். சாயமேற்றிய சேவல் இறகோ தோல் குஞ்சமோ போதும்.

இன்னொன்று என் சொந்தத் தேவை. மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட கரும்பருந்துகள் வடசென்னையிலிருந்து எங்களிடம் அடிக்கடி வருகின்றன. தையல் ஆறிய பிறகு, விடுவிப்பதற்கு முன், நீளக் கயிற்றில் கட்டித் திறந்தவெளியில் பறக்கவிட்டு, சிறகின் வலுவைச் சோதிக்கவேண்டும். அதற்குக் காலில் கட்டும் மென்மையான வார் வேண்டும். இப்போது கட்டுத்துணியைச் சுற்றிச் சமாளிக்கிறோம்; அது நழுவுகிறது, சில வேளை இறுகிக் காலை வீங்கச் செய்கிறது. தோல்வார் ஐயா செய்து தர இயலுமா?

காசிமேடு சுழலி | திங்கள், இரவு 10.30

கயிறு என்றதால் நுழைகிறேன். எங்கள் கடையில் தூண்டில் சாமான்கள் விற்கிறோம். நீளக் கயிற்றுக்கு 60 கிலோ தாங்கும் தூண்டில் நரம்பு எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் தெரியாது, எடையும் இல்லை. கயிறு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க, பெரிய மீனுக்குப் போடும் சுழலியை இடையில் கோக்கலாம். பித்தளைப் பீப்பாய்ச் சுழலி மலிவு; உள்ளே குண்டுமணி (பால் பேரிங்) ஓடும் துருப்பிடிக்காத சுழலி விலை கூடுதல்.

பறவைச் சிகிச்சை உதவியாளர் | திங்கள், இரவு 10.52

சகோதரரே, சுழலிக்கு நன்றி. நரம்பு மட்டும் கூடவே கூடாது. மாஞ்சாவில் அறுபட்டு வந்த பறவையின் காலில் மீண்டும் ஒரு மெல்லிய நரம்பைக் கட்டினால், அது பாய்ந்து கயிற்றின் எல்லைக்கு வந்து நிற்கும் அந்த ஒரு கணத்தில், காலையோ நம் விரலையோ நரம்பு அறுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாததும் ஒரு குறைதான். எந்தச் செடியில் சிக்கியிருக்கிறது என்று பார்க்கவே முடியாது. பின்னிய பருத்திக் கயிறோ பாலியெஸ்டர் கயிறோதான் வேண்டும்.

காசிமேடு சுழலி | செவ்வாய், காலை 7.05

ஒப்புக்கொள்கிறேன். மீனைப் பிடிப்பதற்கான பொருளை, விடுவிப்பதற்கான வேலைக்குச் சொல்லிவிட்டேன். வலையின் மேல்விளிம்பில் கோக்கும் மெல்லிய பின்னல் கயிறு எங்களிடம் உண்டு. 50 மீட்டர் சுற்றாக அனுப்புகிறேன். பணம் வேண்டாம். சுழலியில் குண்டுமணி வகையே எடுங்கள். பீப்பாய் வகையில் மணல் புகுந்தால் சுழல்வது நின்றுவிடும்.

அல் ஐன் தண்டையார்பேட்டையான் | செவ்வாய், இரவு 11.10

கால்வார் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதில் செய்யும் பிழைக்குப் பறவை உயிரைக் கொடுக்கிறது.

பழைய முறையில், ஒரே நீளத் தோல்வாரைக் காலில் சுற்றி, அதிலேயே கீறிய பிளவுகளின் வழியாக இழுத்து இறுக்குவார்கள். வாரின் மறுமுனையிலும் சுழலியைக் கோப்பதற்கு ஒரு பிளவு இருக்கும். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஒரு நாள், சுழலியைக் கழற்றிவிட்டுப் பறக்கவிட்ட இளம் பெண் வல்லூறு ஒன்று திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் ஒரு காஃப் மரத்தில் (நம் ஊர் வன்னி) கண்டோம். முனையிலிருந்த அந்தப் பிளவில் ஒரு முள் நுழைந்து, பறவை தலைகீழாகத் தொங்கிச் செத்திருந்தது. வாரின் அகலம் என் சுண்டுவிரல்கூட இல்லை. பிளவோ அதனினும் சிறியது.

ஐல்மர் என்பவர் பெயரால் வழங்கும் முறையில் இதற்கு விடை உண்டு. காலில் அகலமான தோல் வளை ஒன்றைப் போட்டு, அதன் இரு முனைகளையும் பித்தளை ஐலெட்டால் இணைத்துவிடுவார்கள். வார் தனி, அதன் ஒரு முனையை மடித்துத் துளையிட்டு, தன் வழியே தன்னை இழுத்து ஒரு பொத்தான் முடிச்சு உண்டாக்கி, ஐலெட்டில் கோத்துவிடலாம். கட்டிவைக்கும்போது பிளவுள்ள வாரும், பறக்கும்போது பிளவே இல்லாத வாரும் மாட்டலாம். எங்காவது சிக்கினாலும் பிளவில்லாத வார் உருவிக்கொண்டு வந்துவிடும். சிகிச்சை உதவியாளருக்கு ஏற்றது இதுவே. விடுவிக்கும் நாளில் வாரை உருவி, வளையைக் கத்தரித்து எடுத்துவிட்டால் காலில் எதுவும் மிஞ்சாது. வளை தாராளமாகச் சுழலவேண்டும், ஆனால் பாதத்தின் மேல் இறங்கிவிடக் கூடாது. ஓரங்களை வழவழப்பாக்கி, மாதம் ஒரு முறையேனும் கொழுப்பு பூசவேண்டும். காய்ந்த தோல் முதலில் காலை அறுக்கும், பிறகு தானே அறுந்துபோகும்.

வாருக்குக் கங்காருத் தோலை விஞ்சியது கிடையாது. மெல்லியதாகச் சீவினாலும் வலிமை குறையாது.

மாதவரம் பழைய தொழிலாளி | புதன், காலை 9.30

அதற்குக் காரணம் உண்டு. மாட்டுத்தோலில் நார்கள் பல திசைகளில் பின்னிக்கிடக்கும். சீவினால் அந்தப் பின்னல் அறுந்து வலுவிழக்கும். கங்காருத் தோலின் நார்கள் பெரும்பாலும் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். அது கிடைக்காவிட்டால் நல்ல கன்றுத் தோலை முதுகுப் பகுதியிலிருந்து, முதுகெலும்பின் போக்கிலேயே வெட்டுங்கள். வயிற்றுப் பகுதி இழுபடும், அதைத் தொடாதீர்கள்.

வியாசை மாடிப்புறா | புதன், இரவு 9.00

அல் ஐன் அண்ணனிடம் ஒரு கேள்வி. எங்கள் புறாவுக்கு வாலிறகு முறிந்தால் அடுத்த உதிர்வுவரை காத்திருப்போம், அல்லது அடியோடு பிடுங்கிவிட்டுப் புதிதாக முளைக்க விடுவோம். பந்தயப் பறவைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?

அல் ஐன் தண்டையார்பேட்டையான் | புதன், இரவு 9.40

ஒட்டுப் போடுவோம், தம்பி. உதிர்ந்த இறகுகளை ஆண்டுதோறும் இடம், வரிசை எழுதி எடுத்துவைப்போம். முறிந்த இறகின் தண்டை நல்ல பகுதியில் நறுக்கி, உள்ளே மூங்கில் சிம்பை மும்முகமாகச் சீவிச் செருகி, பசை தொட்டு, எடுத்துவைத்த இறகின் மேற்பாதியை அதன்மேல் பொருத்துவோம். முழுதாக வளர்ந்த இறகில் உயிர் இல்லாததால் வலிக்காது. மும்முகமாகச் சீவுவது உள்ளே சுழலாமல் இருப்பதற்காக. இங்கு கார்பன் நாரும் பயன்படுத்துகிறார்கள். எனக்கு இன்னும் மூங்கில்தான் கைக்கு இசைகிறது. ஒட்டுப் போட்ட பறவையும் 400 மீட்டர் தில்வா பந்தயத்தில் பறக்கும். தில்வா என்பது இறகுகளைக் கட்டிச் செய்த பொய்யிரை. புறாவுக்கும் செய்து பார்க்கலாம். உயிருள்ள, இரத்தம் ஓடும் இளம் இறகில் மட்டும் கைவைக்காதீர்கள்.

புளியந்தோப்புத் தோல்வார் | ஐந்து வாரங்களுக்குப் பிறகு, சனி, இரவு 8.10

இவ்வளவு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். எழுதும் அளவுக்குச் சொல்ல ஏதாவது சேரட்டும் என்று காத்திருந்தேன்.

முதலில் தரகரிடம் சண்டையிட்டு, பயன்படுத்திப் பழகிய மூடிகள் மூன்றைப் பறவையின் இனம், பால், எடை ஆகியவற்றுடன் வரவழைத்தேன். அவற்றின் உட்புறத்தை மெழுகால் வார்த்து அளவெடுத்து, நாற்காலிக்குக் கால் கடையும் ஒருவரிடம் மூன்று அளவுகளில் வேப்பங்கட்டையில் தலை செய்யக் கொடுத்தேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இது எந்தச் சாமிக்கு என்று கேட்டார். கடைசலில் கண்ணின் புடைப்பு வரவில்லை. அதை நானே உளியாலும் உப்புத்தாளாலும் மூன்று இரவுகள் உட்கார்ந்து எடுத்தேன்.

பட்டைப் பதம் செய்த கன்றுத் தோலில், டச்சு முறை எனப்படும் மூன்று துண்டு மூடியைத் தைத்தேன். இரண்டு கண்துண்டுகள், நடுவே ஒரு பட்டை. துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து, ஊசி தோலின் பாதித் தடிமனுக்குள் நுழைந்து ஓரத்திலேயே வெளிவரும்படி கையால் தைக்கவேண்டும்; தையல் மறுபுறம் தெரியக்கூடாது. முதல் மூடிக்கு இரண்டு நாள் ஆயிற்று, அதையும் கிழித்துப் போட்டேன். ஒன்பதாவது மூடி பரவாயில்லை என்று தோன்றியது. இந்திய வகை என்று சொல்லப்படும், ஒரே துண்டில் வெட்டி மடித்துத் தைக்கும் மூடியையும் முயன்றேன். எனக்கு அது எளிதாக வந்தது. பை வெட்டிய கை அல்லவா.

இம்முறை நான்கு மாதிரிகளை அனுப்பினேன், மயில்தோகை இல்லாமல். சேக்கர் கலப்புப் பெண்ணுக்குச் செய்த இந்திய வகை மூடியை மாட்டியவுடன் பறவை தோளைத் தளர்த்தி, ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்ததைக் காணொளியாக அனுப்பியிருக்கிறார்கள். டச்சு வகை இரண்டும் பொருந்துகின்றன, ஆனால் பின்வார் இரண்டாவது நாளே இழுபட்டு நீண்டுவிட்டது. நான்காவது சிறியது, அது என் கட்டையின் பிழை.

சிகிச்சை உதவியாளருக்கு: கால்வளைகள் 12 இணை, பிளவுள்ள வாரும் பிளவில்லாத வாரும் சேர்த்து அணியமாக இருக்கின்றன. பித்தளை ஐலெட்தான். காசிமேட்டுத் தம்பியின் கயிறும் சுழலியும் என் பட்டறைக்கே வந்துவிட்டன. திங்களன்று ஆளை அனுப்புங்கள்.

பறவைச் சிகிச்சை உதவியாளர் | சனி, இரவு 8.35

நானே வருகிறேன், ஐயா. இப்போது எங்களிடம் மூன்று கரும்பருந்துகள் கயிற்றுப் பயிற்சிக்கு வந்துவிட்டன. வளையின் சுற்றளவைச் சரிபார்க்க, காலளவை நூலில் முடிச்சிட்டு எடுத்துவருகிறேன்.

அல் ஐன் தண்டையார்பேட்டையான் | சனி, இரவு 11.55

அண்ணா, காணொளியை எனக்கும் அனுப்புங்கள். ஒரு கால் தூக்கியது நல்ல அறிகுறி. மூடி இருப்பதையே பறவை மறந்துவிட்டது. பின்வாரை எந்தப் பகுதியிலிருந்து வெட்டினீர்கள்?

புளியந்தோப்புத் தோல்வார் | ஞாயிறு, காலை 6.20

மூடிக்கு வெட்டியதுபோக மிஞ்சிய துண்டிலிருந்து. வயிற்றுப் பகுதி. மாதவரத்துப் பெரியவர் படிப்பதற்குள் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மாதவரம் பழைய தொழிலாளி | ஞாயிறு, காலை 6.45

படித்துவிட்டேன். முதுகுத் தோல் ஒரு துண்டு வீட்டில் இருக்கிறது, மாலையில் பெரியமேட்டுப் பக்கம் வரும்போது கொண்டுவருகிறேன்.